வன்னியில் ஒருவரின் அரசியல் கொள்கையைக் கேட்டறிவது எப்படி: கருத்துக்கணிப்பு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார். அநுர குமார திசாநாயக்க வெகுவாகப் பின்தங்கியிருந்தார். நவம்பர் 14 ஆம் திகதி, எட்டு வாரங்கள்கூட நிறைவடையாத நிலையில் நடந்த பொதுத் தேர்தலில், அதே மாவட்டத்தில் அநுர தலைமையிலான இடதுசாரி அணியான தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்து ஆறு ஆசனங்களில் இரண்டைப் பெற்றது. வன்னி இடதுபக்கம் திரும்பிவிட்டது என்று இதற்குப் பொருள் கொண்டவர்களும் உண்டு, தமிழ்த் தேசியம் தேய்ந்துவிட்டது என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. முதலிடம் பெற்ற அணிக்குக் கிடைத்தது செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதையும், மிகுதி வாக்குகள் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறிக் கிடந்தன என்பதையும் இரு தரப்பினரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து மக்களின் கொள்கையை ஊகிப்பதற்குப் பதிலாக, மக்களிடமே நேரில் கேட்டறிய விரும்பும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், ஊடகவியலாளர்களுக்கும், கூட்டுறவு மற்றும் சிவில் அமைப்புகளில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலாம் படி: எதை அளக்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்தல்

ஒருவரின் அரசியல் கொள்கை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விடயங்கள் இருக்கின்றன. அவர் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறார் என்பது ஒன்று. குறிப்பிட்ட பிரச்சினைகளில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது இன்னொன்று. யாருக்கு வாக்களிக்கிறார் என்பது வேறொன்று. இந்த வழிகாட்டியில் அவற்றை முறையே அடையாளம், நிலைப்பாடு, வாக்கு என்று குறிப்பிடுவோம். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றொன்றைப் பற்றி முடிவு சொல்வதே இத்துறையில் மிக அதிகமாக நிகழும் தவறு.

இந்த இடைவெளி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் லொயிட் ஃப்ரீ, ஹட்லி கான்ட்ரில் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1967 ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார்கள். தங்களைப் பழமைவாதிகள் என்று அழைத்துக்கொண்ட பலர், கல்வி, முதியோர் நலன், வேலைவாய்ப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது அரசாங்கம் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்ற, தாராளவாதிகளுக்குரிய பதிலையே தந்தார்கள். அந்த நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் கலப் நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் நடத்திய கணிப்புகளின் சராசரிப்படி, அமெரிக்கர்களில் 37 வீதத்தினர் தங்களைப் பழமைவாதிகள் என்றும், 34 வீதத்தினர் நடுநிலையாளர்கள் என்றும், 25 வீதத்தினர் தாராளவாதிகள் என்றும் கூறினார்கள். இந்த எண்கள் மக்கள் எந்தப் பெயரை விரும்பிச் சூடிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்கின்றனவே தவிர, எந்தச் சட்டத்தை ஆதரிப்பார்கள் என்பதைச் சொல்வதில்லை. இருகட்சி முறை வேரூன்றிய, இப்பெயர்கள் நாள்தோறும் தொலைக்காட்சியில் ஒலிக்கும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், அப்பெயர்கள் அன்றாடப் பேச்சில் இடம்பெறாத வன்னியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே வினாக்கொத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்னர், மூன்றில் எது உங்களுக்குத் தேவை என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் தேவையென்றால் மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாகக் கேளுங்கள்.

இரண்டாம் படி: எந்த வன்னி, எத்தனை பேர்

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள் அடங்குகின்றன. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துடன் சேர்ந்தது. ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பு என்று நாம் பேசும்போது கிளிநொச்சியை விட்டுவிட்டு யாரும் பேசுவதில்லை. உங்கள் கணிப்பைத் தேர்தல் முடிவுடன் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் முதலாவது எல்லையையும், மக்களின் வாழ்நிலையோடு சேர்த்துக் கொள்கையை விளங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது எல்லையையும் எடுங்கள். எதை எடுத்தாலும் அறிக்கையின் முதற் பக்கத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

நாடளாவிய கணிப்புகளில் வன்னிக்கு என்ன இடம் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் தனியான கணிப்பு ஏன் தேவை என்பது விளங்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி வவுனியாவில் 172,115 பேரும், கிளிநொச்சியில் 113,510 பேரும், மன்னாரில் 99,570 பேரும், முல்லைத்தீவில் 92,238 பேரும் வாழ்ந்தார்கள். நான்கும் சேர்ந்து நாட்டின் குடித்தொகையில் 2.3 வீதமளவில் வரும். அப்படியானால் கொழும்பிலிருந்து நடத்தப்படும், நாடு முழுவதிலும் 1,000 பேரை எழுமாறாகத் தெரிவுசெய்யும் ஒரு கணிப்பில் முழு வன்னிக்கும் சுமார் 23 பேர்தான் கிடைப்பார்கள். 23 பேரின் பதிலிலிருந்து பெறப்படும் எந்த வீதத்துக்கும் இரு பக்கமும் 20 வீதப் புள்ளிகளுக்கு மேல் வழு (உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு) இருக்கும். "வடக்கில் இத்தனை வீதத்தினர் இப்படி நினைக்கிறார்கள்" என்று செய்தியில் வரும்போது, அதன் அடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

தனியாக வன்னியில் 400 பேரைக் கேட்டால் வழு 5 புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நான்கு மாவட்டங்களுக்கும் தலா 100 பேர் என்று பிரித்தால், ஒவ்வொரு மாவட்டத்தின் வழுவும் 10 புள்ளிகளை நெருங்கும். ஆகவே மாவட்டங்களுக்கிடையிலான சிறு வேறுபாடுகளைப் பற்றி எதுவும் பேசக்கூடாது. ஒரு கிராமத்துக்குப் பத்துப் பேர் என்று கொத்தாகத் தெரிவு செய்தால், அயலவர்கள் ஒரே மாதிரிச் சிந்திப்பது வழக்கம் என்பதால் வழு இன்னும் கூடி, 400 பேருக்கே 6 புள்ளிகள் வரை போகலாம்.

தெரிவு செய்யும்போது கிளிநொச்சியின் கரைச்சியையும் வவுனியா நகரத்தையும் சுற்றிவிட்டு வருவது பெரும் ஆபத்து. முசலியில் மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும், வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் வாழும் சிங்கள மக்களும், இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக் குடியேற்றக் கிராமங்களில் வேரூன்றியவர்களும் வன்னியின் வாக்காளர்களே. 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னர் திரும்பிய முஸ்லிம் ஒருவருக்கும், 2009 இல் போர் முடியும்வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ஒருவருக்கும், காணி உறுதியே இல்லாத மலையகப் பூர்வீகத்தவர் ஒருவருக்கும் "தேசியம்" என்ற சொல் ஒரே நிறத்தில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பிரதேச செயலகப் பிரிவுகளை முதலில் அடுக்குகளாகப் பிரித்து, பின்னர் கிராம அலுவலர் பிரிவுகளை எழுமாறாக எடுங்கள். சிங்களம் பேசும் பிரிவுகளுக்குச் சிங்களத்திலேயே கேட்கக்கூடியவர் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: அடையாள வினாவை அமைத்தல்

இடது, வலது என்ற பிரிப்பு 1789 இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் உறுப்பினர்கள் அமர்ந்த முறையிலிருந்து வந்தது. ஐரோப்பிய சமூக ஆய்வு 0 முதல் 10 வரையும், உலக விழுமியங்கள் ஆய்வு 1 முதல் 10 வரையும் ஓர் அளவுகோலைக் கொடுத்து, அதில் உங்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்கின்றன. நாடுகளுக்கிடையே ஒப்பிட இது வசதியானது என்பதால் நீங்களும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு முன்னெச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, தப்பிச்செல்ல ஒரு வழி விடுங்கள். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1972 இல், தாராளவாதி முதல் பழமைவாதி வரையான தன் ஏழு புள்ளி அளவுகோலை அறிமுகப்படுத்தியபோதே, "இதைப் பற்றி நீங்கள் அதிகம் யோசித்ததில்லையா?" என்ற தெரிவையும் வினாவுக்குள் சேர்த்தது. பல ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் அதைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் அவர்கள் எல்லோரும் நடுவிலுள்ள எண்ணில் போய்க் குந்துவார்கள். நீங்களும் வன்னி மக்கள் மிதவாதிகள் என்று அறிக்கை எழுதுவீர்கள். தெரியாததற்கும் பதில் சொல்லும் பழக்கம் மனிதருக்கு உண்டு. 1970களின் பிற்பகுதியில் சின்சினாட்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையில் இல்லாத ஒரு சட்டத்தை நீக்கலாமா என்று வேண்டுமென்றே கேட்டபோது, மூன்றில் ஒருவர் அளவில் ஏதோ ஒரு கருத்தைச் சொன்னார்கள்.

இரண்டாவது, பெயருக்குள் ஊர் எதை நிரப்பி வைத்திருக்கிறது என்று கவனியுங்கள். வடக்குக்கு நீண்ட இடதுசாரி மரபு உண்டு: 1956 இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வன்னியில் கூட்டுறவுச் சங்கங்களிலும் விவசாயிகள் அமைப்புகளிலும் உழைத்த பழைய தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே சமயம், தன்னை மார்க்சியக் கட்சி என்று அழைத்துக்கொள்ளும் மக்கள் விடுதலை முன்னணி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புக்கு எதிராக நீதிமன்றம் சென்றதும், 2006 ஒக்டோபரில் அந்த இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இங்கே மறக்கப்படவில்லை. ஆகவே நிலச்சீர்திருத்தத்தையும் இலவசக் கல்வியையும் உயிராக மதிக்கும் ஒருவர் "நீங்கள் இடதுசாரியா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டக்கூடும். வலதுசாரி என்று தன்னை அழைத்துக்கொள்பவரை வன்னியில் தேடிப் பிடிக்கவே வேண்டும். அது பெரும்பாலும் மற்றவரைக் குறைசொல்லும் பெயர்.

தமிழ்த் தேசியவாதி என்ற பெயருக்கு எதிர்மாறான சிக்கல் இருக்கிறது. தமிழ்க் கிராமங்களில் அதற்கு ஆம் என்று சொல்லாதவர் குறைவாகவே இருப்பார்கள். எல்லோரும் ஆம் என்று சொல்லும் வினாவால் எவரையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. எனவே ஆம், இல்லை என்று கேட்காமல், அது தனக்கு எவ்வளவு முக்கியம் என்று நான்கு நிலைகளில் கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, பட்டியல் எதுவும் கொடுக்காமல் முதலில் திறந்த வினாவாகக் கேட்பது: "அரசியலில் உங்களை எப்படிப்பட்டவர் என்று சொல்வீர்கள்?" பதிலைச் சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். வகைப்படுத்தும் வேலை பிறகு இருவர் தனித்தனியாகச் செய்து, முரண்படும் இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் 400 பதில்களை வாசிப்பது யாருக்கும் முடியாத காரியமன்று, அந்தப் பதில்கள்தான் உங்கள் ஆய்வின் மிகப் பெறுமதியான பகுதியாக இருக்கும்.

நான்காம் படி: நிலைப்பாட்டு வினாக்கள்

இங்கே பொதுவான கோட்பாடுகளைத் தவிர்த்து, வீட்டு வாசலில் பேசப்படும் விடயங்களைக் கேளுங்கள். நெல்லை அரசாங்கம் உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்ய வேண்டுமா, தனியார் ஆலைகளிடம் விட்டுவிடலாமா என்பது பொருளாதாரக் கொள்கை வினா. மாகாண சபைகளுக்குக் காணி, பொலிஸ் அதிகாரங்கள் முழுமையாக வழங்கப்பட வேண்டுமா என்பது அதிகாரப் பகிர்வு வினா. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடத்தப்படாத சூழலில் அது வெறும் ஏட்டு வினாவன்று. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு, மன்னார்க் காற்றாலைகள், கிளிநொச்சியின் இரணைமடுக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்வது ஆகியவை வேறு அச்சுகளில் மக்களைப் பிரிக்கும். இரணைமடு வினா எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இன ஒற்றுமை என்ற பெருஞ்சொல்லின் கீழ் நிற்கும் இரண்டு தமிழர்கள், ஒருவர் வன்னி விவசாயி, மற்றவர் குடாநாட்டுக் குடிநீர்ப் பாவனையாளர் என்று பிரிந்து நிற்பதை அது வெளிக்கொண்டுவரும்.

"உரிமை அரசியலா, அபிவிருத்தி அரசியலா?" என்று கேட்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேடைக்கு ஏற்ற வினா அது, ஆய்வுக்கு உதவாது. வீதியும் வேண்டும், காணியும் வேண்டும் என்பவருக்கு அதில் இடமே இல்லை. இரண்டையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று அளந்தால் இரண்டையும் உச்சத்தில் வைப்பவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவரும்.

சொற்தெரிவு எவ்வளவு தூரம் விடையை மாற்றும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று போதும். 1940 அளவில் அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர், ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா" என்று ஒரு குழுவிடமும், "தடைசெய்ய வேண்டுமா" என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார். அனுமதிக்கக்கூடாது என்றவர்கள் 62 வீதம். தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 வீதம். உங்கள் வினாக்கொத்தில் "வழங்க வேண்டும்", "பறிக்கக்கூடாது" போன்ற சொற்கள் வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சட்ட எல்லை ஒன்றையும் மறக்கக்கூடாது. 1983 இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், இலங்கைக்குள் தனிநாடு அமைவதை ஆதரிப்பதைக் குற்றமாக்குகிறது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலும் இந்த மண்ணில் நீண்டது. ஒரு கிராமத்துத் தாயிடம் தனிநாடு பற்றிய வினாவைக் கேட்பது, அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும், அவருக்கு ஆபத்தை ஏற்படுத்தக்கூடிய ஒரு தாளை நீங்கள் உருவாக்குவதாகும். அந்த வினாவைச் சேர்க்காதீர்கள். ஒற்றையாட்சி, அதிகாரப் பகிர்வு, சமஷ்டி (கூட்டாட்சி) என்ற மூன்று தெரிவுகளுக்குள் கேட்டாலே உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: படலையைத் திறந்த பின்னர்

விசுவமடுப் பக்கத்து வீடொன்றில் இப்படி ஓர் உரையாடல் நிகழ்வதாக வைத்துக்கொள்வோம். பின்னேரம், மரநிழலில் கதிரை போட்டு இருக்கும் பெரியவரிடம் மாணவி ஒருத்தி கோப்புடன் வருகிறாள்.

"பிள்ளை, அஸ்வெசும பதிய வந்தனீங்களோ?"

"இல்லை ஐயா, கம்பஸில இருந்து வந்தனாங்கள். அரசியலைப் பற்றிச் சனம் என்ன நினைக்குது எண்டு கேட்டு எழுதுறம். பேர் எழுதமாட்டம்."

"எனக்கு அரசியல் ஒண்டும் தெரியாது பிள்ளை. ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்."

இங்கே வினாக்கொத்தில் "கொள்கை இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டு எழும்பினால் எல்லாம் கெட்டுவிடும். அதே பெரியவர் தேநீர் வந்த பின்னர் நெல் விலையைப் பற்றியும், 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதைப் பற்றியும், இராணுவத்திடம் இன்னும் இருக்கும் காணிகளைப் பற்றியும் அரை மணித்தியாலம் பேசுவார். அவரிடம் தெளிவான நிலைப்பாடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொள்ளத்தான் அவருக்கு விருப்பமில்லை. ஆகவே நிலைப்பாட்டு வினாக்களை முதலிலும், அடையாள வினாவை நடுவிலும், வாக்கைப் பற்றிய வினாவை இறுதியிலும் வையுங்கள். ஒழுங்கு மாறினால் பதிலும் மாறும் என்பதால், எல்லா வீடுகளிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

அவருடைய முதல் வினாவையும் கவனியுங்கள். கோப்புடன் வருபவர் நிவாரணப் பதிவுக்கு வந்தவராக இருக்கலாம், அல்லது புலனாய்வுக்காரராக இருக்கலாம் என்பதே இங்கு பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம். முதலாவது எண்ணம் பதிலைக் குறைபாடுகளின் பட்டியலாக்கும். இரண்டாவது பதிலை மௌனமாக்கும். கிராம அலுவலருக்கும் மாதர் சங்கத்துக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள், ஆனால் அவர்களில் எவரையும் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்சி சார்ந்த இளைஞர்களைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். ஒலிப்பதிவு வேண்டாம்.

வீட்டில் யாரைக் கேட்பது என்பதையும் படலையில் நிற்பவரிடம் விடக்கூடாது. "நான் சொன்னால் வீட்டில எல்லாரும் சொன்ன மாதிரித்தான்" என்று ஆண்கள் சொல்வது வழக்கம். 18 வயதுக்கு மேற்பட்டோரில் அடுத்துப் பிறந்தநாள் வரப்போகிறவர் யாரோ அவரைக் கேட்பது எளிய முறை. அவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருந்தால் அவர் வரும் நேரத்துக்கு மீண்டும் போக வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்து பதில் எடுத்துக்கொடுக்கும் வீட்டில் மருமகளின் கருத்து உங்களுக்குக் கிடைக்காது. இளம் பெண்களைக் கேட்கப் பெண் ஆய்வாளரை அனுப்பி, கிணற்றடியிலோ முற்றத்திலோ தனியாகப் பேச வாய்ப்பை ஏற்படுத்துங்கள். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி நாள்களில் பகலில் வீடு வீடாகச் சென்றால் முதியவர்கள்தான் அகப்படுவார்கள்.

வாக்கைப் பற்றிய வினாவுக்கு வாய்மூலப் பதில் கேட்காமல், சின்னங்கள் அச்சிட்ட அட்டையில் அவரே புள்ளடியிட்டு, மடித்து, பூட்டிய பெட்டிக்குள் போடச் செய்வது நல்லது. அட்டையில் வினாக்கொத்தின் இலக்கத்தை மட்டும் குறியுங்கள், எதற்காக அந்த இலக்கம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். உணர்வுபூர்வமான வினாக்களுக்கு, ஒரு பாதிப் பேரிடம் நான்கு கூற்றுகளையும் மறு பாதியினரிடம் ஐந்து கூற்றுகளையும் காட்டி எத்தனையுடன் உடன்படுகிறீர்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்கும் முறையும் இருக்கிறது. அது நுட்பமானது, ஆனால் 400 பேர் கொண்ட மாதிரியில் அதன் வழு மிகப் பெரிதாகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

களத்துக்குச் செல்லும் முன்னர், வினாக்கொத்தைச் சிலரிடம் பரீட்சித்துப் பாருங்கள். பதிலைக் கேட்பதோடு நிறுத்தாமல், "இந்தக் கேள்வியில் நான் என்ன கேட்கிறேன் என்று விளங்கியது?" என்றும் கேளுங்கள். சமஷ்டி என்றால் ஒரு கட்சியின் பெயர் என்று ஒருவர் விளக்கம் சொன்னால், அந்த வினாவை மீண்டும் எழுத வேண்டும்.

ஆறாம் படி: எண்ணுதல்

மாவட்டத்துக்கு 100 பேர் என்று எடுத்திருந்தால், மொத்த முடிவைக் கணிக்கும்போது நிறையளிக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு மாவட்டத்தின் பதிலையும் அதன் குடித்தொகையின் பங்குக்கு ஏற்பக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2012 எண்களின்படி வவுனியாவுக்கு 36, கிளிநொச்சிக்கு 24, மன்னாருக்கு 21, முல்லைத்தீவுக்கு 19 என்ற விகிதம் வரும். 2024 குடிசன மதிப்பீட்டின் எண்கள் கையில் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். அளவுகோலின் சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். சராசரி 5 என்பது எல்லோரும் நடுவில் இருப்பதாலும் வரும், பாதிப் பேர் 0 இலும் பாதிப் பேர் 10 இலும் இருப்பதாலும் வரும். யோசித்ததில்லை என்றவர்களைக் கழித்துவிட்டு மிகுதியை 100 வீதமாக்குவதும் கூடாது.

முக்கியமான அட்டவணை ஒன்றே ஒன்றுதான்: அடையாளத்தை நிரைகளிலும் நிலைப்பாட்டை நிரல்களிலும் வைத்து இரண்டையும் குறுக்காகப் பாருங்கள். இடதுசாரி என்று சொன்னவர்களில் நெல் கொள்வனவை அரசாங்கம் செய்ய வேண்டும் என்பவர்களின் வீதமும், அப்படிச் சொல்லாதவர்களில் அதே கருத்துடையவர்களின் வீதமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், உங்கள் ஊரில் அந்தப் பெயர் பொருளாதாரக் கொள்கையைக் குறிக்கவில்லை. அதன் பிறகு வாக்கைச் சேர்த்துப் பாருங்கள். வயது, பால், சமூகம் என்று மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போகும் ஆசை வரும். ஒரு கட்டத்துக்குள் 30 பேருக்குக் குறைவானவர்கள் இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: வெளியிடுதல்

அறிக்கையில் வினாக்களின் முழு வாசகமும், கேட்ட ஒழுங்கும், களப்பணி நடந்த திகதிகளும், பதிலளிக்க மறுத்தவர்களின் எண்ணிக்கையும், கணிப்பை நடத்தப் பணம் கொடுத்தவர் யார் என்பதும் இருக்க வேண்டும். தலைப்பில் "வன்னி மக்கள் இடதுசாரிகள்" என்று எழுத உங்கள் எண்கள் இடம் தரமாட்டா. "தம்மை இடதுசாரி என்று கூறியோர்" என்று எழுதலாம். மறுத்தவர்கள் ஒரு பிரதேசத்தில் மட்டும் குவிந்திருந்தால், அங்கே அந்த நாள்களில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் ஒரு கைதோ, ஒரு காணி அளவீடோ கிராமத்தின் வாயை ஒரு வாரத்துக்கு மூடிவிடும். கிராமத்தின் பெயரை வெளியிடுவதால் சிறிய ஊர்களில் பதிலளித்தவரையே கண்டுபிடிக்க முடியும்; ஆகவே பிரதேச செயலகப் பிரிவுக்குக் கீழே எந்தத் தரவையும் பகிராதீர்கள், மீண்டும் சென்று சரிபார்ப்பதற்காக வாங்கிய தொலைபேசி இலக்கங்களைச் சரிபார்ப்பு முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.